சிவப்பு விளக்கை நம்பிப் போன 23 நாள்: நான் செய்த ப்ரீ-அம்ப் பாடாமல் இருந்த கதை

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில், மூன்று கிழமையாக நானே ஈயம் வைத்து ஒட்டிய ஃபோனோ ப்ரீ-அம்ப்பை, அதாவது ரெக்கோர்ட் பிளேயரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டியை, முதல்முறை பிளக்கில் செருகினேன். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரெக்கோர்டை வைத்து ஊசியை இறக்கினேன். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. வொலியூமைக் கூட்டினேன், இரைச்சல்கூட இல்லை. அப்பா எழும்பி வந்து ஊசிக்குப் பக்கத்தில் காதை வைத்தார். ஊசி தட்டில் ஓடும்போது அதிலிருந்தே கொசு பாடுவது மாதிரி மெல்லிசாகப் பாட்டு கேட்கும், அது அவருக்குத் தெரியும். "இங்க பாடுது தம்பி, அங்கதான் போகேல்ல" என்றார். அந்த வசனத்தை அன்றைக்கே வடிவாகக் காதில் வாங்கியிருந்தால் எனக்கு 23 நாளும் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாவும் மிஞ்சியிருக்கும். இதே வேலையில் இறங்கப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏன் இதைச் செய்யப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நாற்பதுக்கு மேல் இசைத்தட்டுகள் இருக்கின்றன. இலங்கை வானொலியில் கேட்ட பாட்டுகளைத் தேடித் தேடி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியவை. 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவற்றைப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று எடுத்து ஒளித்து வைத்திருந்து, பல மாதம் கழித்துத் திருப்பித் தந்தது. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்து இருக்கிறார், தட்டுகள் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடந்தன. ஒரு பழைய ரெக்கோர்ட் பிளேயர் நல்ல நிலையில் கிடைத்தது. ஆனால் எங்கள் அம்ப்பில் ஃபோனோ இன்புட் இல்லை. சாதாரண இன்புட்டில் செருகினால் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் ஊசியைத் தாங்கும் மூவிங் மாக்னெட் வகைக் காட்ரிட்ஜிலிருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட் அளவுதான். அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்க வேண்டும். அதோடு தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் பதிவார்கள், அதைத் திருப்பிச் சமன் செய்யவும் வேண்டும். ஆர்ஐஏஏ என்று சொல்வது அந்தச் சமன் செய்யும் முறையைத்தான், 1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஏறக்குறைய எல்லா எல்பி தட்டுக்கும் அதே கணக்கு. இரண்டையும் ஒரு 5532 ஐசி செய்துவிடும். எட்டுக் கால், உள்ளே இரண்டு பெருக்கி, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அலைந்து சாமான் எல்லாம் சேர்த்தேன். பெட்டி, ட்ரான்ஸ்போமர், ஐசி எல்லாமாக 14,200 ரூபா முடிந்தது.

சத்தம் வராத அந்த இரவு நான் செய்தது என்ன? ஐசி பழுது என்று முடிவு கட்டினேன். எதையும் அளக்கவில்லை. பெட்டிக்குள்ளே எனக்கு விளங்காத ஒரே சாமான் அந்த ஐசிதான், அதனால் குற்றமும் அதன்மேல் போனது. அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போய் 220 ரூபாப்படி இரண்டு ஐசி வாங்கினேன். சொக்கெட் வைக்காமல் நேரடியாகப் போர்டில் ஒட்டியிருந்ததால் எட்டுக் காலையும் சூடாக்கிப் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்கும்போது ஒரு காலடியில் இருந்த செம்புத் தடம் நகக்கண் தோல் மாதிரி லேசாகக் கிளம்பியது. அதைப் பார்த்தேன், விரலால் அமுக்கிவிட்டு மேலே ஈயத்தை வைத்தேன். புது ஐசிக்கும் சத்தம் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. அப்போது ஒரு நண்பன் போலி ஐசிகளைப் பற்றிச் சொன்னான், போலி உலாவுவதும் உண்மைதான். சரி என்று வேறொரு கடையில் 850 ரூபாப்படி "ஒரிஜினல்" இரண்டு வாங்கினேன். அதுவும் ஊமை. பிறகு கப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினேன், 1,100 ரூபா. ட்ரான்ஸ்போமர்மேல் சந்தேகம் வந்து அதையும் மாற்றினேன், 2,400 ரூபா. இதில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஐசிக்குச் சொக்கெட் வைத்து ஒட்டுங்கள். சில்லறைக் காசுதான். சொக்கெட் இருந்திருந்தால் நான் அந்தத் தடத்தைக் கிளப்பியிருக்க மாட்டேன், பின்னால் இன்னொரு இரவும் போயிருக்காது.

பத்தாம் நாள் அளவில் எனக்குப் பொறுமை போய்விட்டது, ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை, எந்த ஏரியா என்பது இங்கே தேவையில்லை. ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "நாளைக்கு வாங்க". கடைசியில் "போர்டே சரியில்லை, இதெல்லாம் வீட்டில செய்ற வேலை இல்ல" என்று சொல்லி 3,500 ரூபா வாங்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் நான் வைத்த ஸ்க்ரூவில் நான் போட்ட சிவப்பு மை அடையாளம் அப்படியே இருக்கிறது. நிறைய ஸ்க்ரூவைத் திறக்கவே இல்லை. அன்று இரவு எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. அப்பா மட்டும் "விடு தம்பி, நான் ஃபோனிலயே கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். அவர் ஃபோனில் பாட்டுக் கேட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அது கோபத்தைவிடக் கூடுதலாகச் சுட்டது. திருத்தக் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காசு கொடுக்க முதல் "எந்த இடத்தில் எத்தனை வோல்ட் அளந்தீர்கள்" என்று கேளுங்கள். வேலை செய்தவர் என்றால் இரண்டு எண்ணாவது சொல்வார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு சத்தமும் இல்லாத அமைதி என்பதும் ஒரு தகவல்தான். இன்புட் பக்கம் கிரவுண்ட் விட்டிருந்தால் "ஊ..." என்று இரைச்சல் வரும். ஐசி உயிரோடு இருந்து சிக்னல் மட்டும் வராவிட்டால் வொலியூமைக் கூட்டும்போது "ஸ்ஸ்" என்று ஒரு காற்றுச் சத்தம் கட்டாயம் வரும், நூறு மடங்கு பெருக்குகிற சாமான் அல்லவா. அதுவும் இல்லை என்றால் ஒன்று ஐசிக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது வெளியே வரும் பாதை எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறது. இதை முதல் இரவே யோசித்திருந்தால் நாலு ஐசி வாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மேசையைத் துடைத்து, மல்டிமீட்டரை எடுத்து, முதலில் மீட்டரையே சோதித்தேன். இரண்டு முனையையும் தொட வைத்தால் பூச்சியம், புது பற்றரியில் ஒன்றரை வோல்ட். சரி, மீட்டர் பொய் சொல்லாது. இந்த வேலைக்கு ஒரு எச்சரிக்கை உண்டு, உள்ளே 230 வோல்ட் வரும் இடங்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். என் பெட்டியில் சுவிட்சின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, முதலில் அதற்குக் குழாய் போட்டு மூடினேன். கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதுதானே என்று இருக்க வேண்டாம். ஒரு கையால் லைனையும் மற்றக் கையால் நியூட்ரலையும் பிடித்தால் அது விழாது. கறுப்பு முனையை ஒரு கிளிப்பால் கிரவுண்டில் கவ்விவிட்டு, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டும் அளந்தேன்.

ஐசியின் எட்டாம் காலில் பிளஸ் 15 வோல்ட் வர வேண்டும், வந்தது. நாலாம் காலில் மைனஸ் 15 வர வேண்டும். மீட்டரில் கிட்டத்தட்டப் பூச்சியம். திரும்ப அளந்தேன், அதேதான். இத்தனை நாளாக அந்த ஐசிக்குப் பாதிக் கரண்ட்தான் போயிருக்கிறது. முன்பக்கத்துச் சிவப்பு விளக்கை நான் பிளஸ் பக்கத்தில் மட்டும் கொடுத்திருந்தேன், அதனால் அது ஒவ்வொரு நாளும் அழகாக எரிந்துகொண்டே இருந்தது. விளக்கு எரிகிறது, அப்படியென்றால் கரண்ட் வருகிறது என்று நான் நம்பிய நம்பிக்கைதான் இவ்வளவுக்கும் காரணம். இப்போது இரண்டு விளக்கு வைத்திருக்கிறேன், பிளஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குப் பச்சை.

நாலாம் காலிலிருந்து பின்னோக்கிப் போனேன். மைனஸ் 15 வோல்ட்டைத் தரும் 7915 ரெகுலேட்டரின் வெளியே ஒன்றுமில்லை, உள்ளே வரும் காலிலும் ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் இருந்த 500 மில்லிஅம்பியர் கண்ணாடி ஃபியூஸின் ஒரு பக்கத்தில் மைனஸ் 22 வோல்ட், மறு பக்கத்தில் பூச்சியம். அந்த ஃபியூஸை நான் ஏற்கெனவே இரண்டு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருந்தேன், கம்பி முழுசாகத்தான் தெரிந்தது. மூடிக்குள் போகும் இடத்தில் அறுந்திருந்தது, அது கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கழற்றி ஓம் வைத்து அளந்து பாருங்கள்.

புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும் என்று தெரியும், காரணம் இல்லாமல் ஃபியூஸ் போகாது. பிளக்கைக் கழற்றி, கப்பாசிட்டரில் மிஞ்சியிருந்ததை ஒரு ஆயிரம் ஓம் ரெசிஸ்டரால் வடித்துவிட்டு, 7915இன் உள்ளே வரும் காலுக்கும் பெட்டிக்கும் நடுவில் அளந்தேன். அரை ஓம், அதாவது இரண்டும் நேரடியாக ஒட்டியிருக்கின்றன. விஷயம் இதுதான்: பிளஸ் 15 தரும் 7815 ரெகுலேட்டரின் முதுகுத் தகடு கிரவுண்ட், அதைப் பெட்டியில் நேரடியாகத் திருகலாம். 7915இன் முதுகுத் தகடு கிரவுண்ட் இல்லை, அது உள்ளே வரும் மைனஸ் வோல்ட்டேஜ். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெட்டியில் திருகிவிட்டேன். முதல் இரவு சுவிட்சைப் போட்டபோது "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது, அந்த நொடியே மைனஸ் பக்கம் போயிருக்கிறது. இரண்டும் கால் வரிசையிலும் வேறு. 7815இல் எழுத்துள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே, கிரவுண்ட், வெளியே. 7915இல் கிரவுண்ட், உள்ளே, வெளியே. அதை நான் சரியாகத்தான் கொடுத்திருந்தேன், முதுகை மட்டும் மறந்துவிட்டேன். 317 ரெகுலேட்டர் போடுகிறவர்கள் இன்னும் கவனம், அதன் முதுகு வெளியே வரும் வோல்ட்டேஜ்.

அன்றைக்கே புறக்கோட்டைக்கு ஓடினேன். வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை நானாவிடம், முதுகுத் தகடு பெட்டியில் தொடாமல் தடுக்கும் மைக்கா வாஷரும் ஸ்க்ரூவுக்குப் போடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கேட்டேன். "முதலே கேட்டிருந்தா தந்திருப்பனே தம்பி, நீங்க ஐசி ஐசி எண்டுதானே கேட்டீங்க" என்றார். உண்மைதான். நான் என்ன செய்கிறேன் என்று அவரிடம் ஒருநாளும் முழுசாகச் சொல்லவில்லை. கடையில் இருக்கிறவர்கள் தினமும் பத்துப் பேருடைய பிழையைப் பார்க்கிறவர்கள், பட்டியலை மட்டும் நீட்டாமல் என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மைக்கா போட்டு, இரண்டு பக்கமும் 15 வோல்ட் வந்ததை அளந்து, அப்புறம்தான் ஐசியை வைத்தேன், இந்த முறை சொக்கெட்டில். வெளியே வரும் ஒன்றாம், ஏழாம் கால்களில் டிசி பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏழாம் காலில் சில மில்லிவோல்ட்தான், நல்லது. ஒன்றாம் காலில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அது வேறு கதை, வருகிறேன். சரி, வலது பக்கமாவது பாட வேண்டுமே? பாடவில்லை. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன், அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் இப்போது கையில் ஒரு முறை இருந்தது. பழைய ஃபோனில் ஆயிரம் ஹேர்ட்ஸ் சத்தம் ஒன்றை ஓடவிட்டேன். ஃபோனை நேரடியாக ஃபோனோ இன்புட்டில் கொடுக்கக் கூடாது, அரை வோல்ட் வந்தால் நூறு மடங்காகி ஐசி திணறிவிடும். பத்தாயிரம் ஓம் ஒன்றைத் தொடராகவும் நூறு ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போட்டால் நூறில் ஒரு பங்குதான் உள்ளே போகும், ஏறக்குறைய காட்ரிட்ஜ் தரும் அளவு. என்னிடம் இருப்பது சின்ன மஞ்சள் மல்டிமீட்டர், ஏசியில் அதன் கீழ் அளவே 200 வோல்ட், அரை வோல்ட்டை அதில் பார்க்க முடியாது. அதனால் காதால்தான் தேட வேண்டும். ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் வயரில் சின்னக் கப்பாசிட்டர் ஒன்றை முன்னால் வைத்து ஒட்டி, அதை முனையாக வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டேன். நல்ல ஸ்பீக்கரை இதற்குப் பாவிக்காதீர்கள். ஐந்தாம் காலில் மெல்லிசாக, காதைக் கிட்டக் கொண்டுபோனால் "கீ" கேட்டது. ஏழாம் காலில் கத்தியது! அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு கப்பாசிட்டர், அங்கேயும் கத்தியது. அடுத்து நூறு ஓம் ரெசிஸ்டர், முன்பக்கம் சத்தம், பின்பக்கம் அமைதி.

அந்த ரெசிஸ்டருக்குப் பின்னால் இருந்தது ஒரு சாண் ஷீல்ட் வயரும் ஆர்சிஏ சொக்கெட்டும் மட்டும்தான். பிளக்கைக் கழற்றிவிட்டு சொக்கெட்டின் நடுவுக்கும் வெளிவளையத்துக்கும் அளந்தேன். நூறு கிலோ ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 0.4 ஓம். இடது பக்கம் 0.6. இரண்டு பக்கத்திலும் வெளியே வரும் பாதை கிரவுண்டோடு ஒட்டியிருந்தது. சூட்டில் சுருங்கும் கறுப்புக் குழாய் போட்டு அந்த இடத்தை அவ்வளவு நேர்த்தியாக மூடியிருந்தேன். பிளேடால் மெதுவாக வெட்டித் திறந்தேன். உள்ளே நடுக்கம்பியைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருகி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது, ஷீல்டின் ஒரேயொரு வெள்ளி இழை அதற்குள் புதைந்து நடுக்கம்பியில் படுத்திருந்தது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பு. ஷீல்டைக் கிரவுண்ட் காலில் ஒட்டும்போது ஈயம் பிடிக்கவில்லை என்று நான் ஈயம் உருக்கும் அயனை நெடுநேரம் வைத்திருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே கை, அதனால் ஒரே பிழை. ஷீல்ட் வயர் ஒட்டும்போது முதலில் இழைகளை முறுக்கித் தனியாக ஈயம் பூசிக்கொள்ளுங்கள், காலையும் தனியாகப் பூசுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்தால் இரண்டு நொடி போதும். குழாய் போட்டு மூட முதல் ஒரு தரம் அளந்து பாருங்கள். மூடின பிறகு எல்லாம் வடிவாகத்தான் தெரியும்.

வயரைப் புதிதாகப் போட்டேன், வலது பக்கம் பாடியது. இடது பக்கத்து 13 வோல்ட்டுக்குக் காரணம் நான் முதலில் சொன்ன அந்தக் கிளம்பிய செம்புத் தடம்தான். மூன்றாம் காலடியில் அது முழுதாக அறுந்து, இன்புட் அந்தரத்தில் நின்றது. அறுந்த இடத்தைத் தாண்டி ரெசிஸ்டரின் வெட்டிய கால் துண்டு ஒன்றைப் பாலம் போட்டு ஒட்டினேன், ஒன்றாம் காலும் பூச்சியத்துக்கு வந்தது. இந்தப் பிழை முதலில் இல்லை, தேவையில்லாமல் ஐசி மாற்றப் போய் நானே உண்டாக்கியது. ஆக, முதல் வாங்கிய 220 ரூபா ஐசியைத் திரும்ப வைத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்கிறது. ஐசி, ட்ரான்ஸ்போமர், கப்பாசிட்டர், நான் மாற்றிய ஒரு சாமானிலும் பழுது இருந்ததில்லை. பழுது இருந்ததெல்லாம் ஒரு ஸ்க்ரூவிலும் ஒரு சாண் வயரிலும். வீணாய்ப் போன கணக்கு 10,640 ரூபா, மூன்று தரம் த்ரீவீலரில் போன 1,500ஐயும் சேர்த்து. உண்மையில் தேவைப்பட்டது ஃபியூஸ், மைக்கா, புஷ், வயர் எல்லாமாக 140 ரூபா.

ரெக்கோர்ட் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய கிரவுண்ட் வயரையும் பெட்டியில் திருகினேன், இருந்த கொஞ்ச இரைச்சலும் அடங்கியது. இரவு எட்டு மணி இருக்கும். அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் நாள் போட்ட அதே தட்டைத்தான் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையின் கையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தில் தாளத்தை நிறுத்தி, ஆட்காட்டி விரலை மேலே தூக்கினார். என்ன என்று நான் கேட்க வாயெடுக்க முதல், ஊசி "டக்" என்று ஒரு கீறலில் தட்டித் தாவியது. அப்பா விரலை இறக்கி, திரும்பத் தாளம் போடத் தொடங்கினார்.